மூன்றில் ஒன்று

நயேலிக் கண்ணு,

மொரோச்சோ சோளக் கஞ்சி அடுப்பு மேலேயே இருக்கிறது. ஆறிப்போயிருந்தால் பக்கத்து வீட்டு சோய்லா அத்தையைச் சூடாக்கித் தரச் சொல். நீ தீப்பெட்டியைத் தொடாதே. சாவியையும் அத்தையிடமே கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போ.

நேற்று உன்னைத் திட்டியது தப்பு. வீட்டில் உள்ள எல்லோரையும் வரைந்து, சாயங்காலம் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டி, அதைப் பின்னமாக எழுதச் சொன்னேன். நீ 1/3 என்று எழுதினாய்.

"வாத்தியார் பொண்ணுக்கு இதுகூடத் தெரியலையா? மூணு பேர்ல அம்மா மட்டும்தானே ஸ்பெயின்ல இருக்கா? மிச்சம் ரெண்டு பேர் இல்லையா?" என்று கத்தி, சிவப்பு மையால் அடித்தேன்.

"சரிப்பா, ரெண்டுன்னே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாய்.

இன்று காலையில்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். மேசையருகே இரட்டைச் சடை போட்ட ஒருத்திக்கு மட்டும் வண்ணம் இருக்கிறது. நான் பையோடு கதவுக்கு வெளியே நிற்கிறேன். தினமும் எட்டு மணிவரை ஊரார் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவனை வேறு எங்கே வரைவாய்?

உன் விடை சரி. நோட்டில் திருத்தியிருக்கிறேன், பார். மாலை வகுப்பை விட்டுவிடலாமா என்று தலைமையாசிரியையிடம் இன்று கேட்கப்போகிறேன். முடியாது என்றுதான் சொல்வார். ஆனாலும் கேட்பேன்.

அப்பா

மதியம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா போன் செய்வாள். இந்தக் கணக்கை மட்டும் சொல்லிவிடாதே கண்ணு. அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாள்.