'மீ' என்று எழுதிய அக்காவுக்கு ஒரு மதிப்பெண் கோருதல்

அனுப்புநர்
இலக்கண ஆசிரியர்,
மாலைநேர ஆங்கிலப் பயிற்சி நிலையம்.

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்.

பொருள்: 'கதவைத் தட்டுவது யார்?' என்ற வினாவின் விடை குறித்தும், அதனால் என் வீட்டுக் கதவு திறக்கப்படாதது குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்நிலையத்தில் நான் இலக்கணம் நடத்துகிறேன். என் மனைவி பேச்சு ஆங்கிலம் நடத்துகிறார். விடைத்தாள்களை ஆளுக்குப் பாதியாகத் திருத்துகிறோம்.

2. சென்ற தேர்வில் மேற்படி வினாவுக்கு 'நான்தான்' என ஆங்கிலத்தில் விடை எழுத வேண்டும். 'இட் இஸ் ஐ' என்பதே இலக்கணம். 'மீ' என்பது 'என்னை'. யாரென்று கேட்டால் 'என்னைத்தான்' என்று எவரேனும் சொல்வார்களா?

3. தையற்கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவும் தங்கையும் 'மீ' என்றே எழுதினர். தங்கையின் தாள் என் மனைவியிடம் போனது; தேறிவிட்டார். அக்காவின் தாள் என்னிடம் வந்தது. ஒரு மதிப்பெண்ணில் தவறிவிட்டார். மருத்துவமனையில் தொலைபேசி வேலை அவருக்குத் தயாராக இருக்கிறது, சான்றிதழ்தான் பாக்கி. ஆசிரியர் அறைக்கே வந்து, "ஒண்ணா ஒக்காந்துதானே சார் படிச்சோம்? அவ எழுதினா சரி, நான் எழுதினா தப்பா?" என்றார். மனைவி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

4. அன்று நல்ல மழை. வீட்டுக் கதவைத் தட்டினேன். யாரென்று மனைவி ஆங்கிலத்தில் கேட்டார். கொள்கை வழுவாமல் "இட் இஸ் ஐ" என்றேன். "அப்படி யாரும் இந்த வீட்ல இல்லீங்க" என்று பதில் வந்தது. எதிர்வீட்டுப் பல் மருத்துவர் சன்னலைத் திறந்து, "மீன்னுதான் சொல்லித் தொலைங்களேன் சார், நனையறீங்க" என்றார். பல் வைத்தியருக்கு வேற்றுமை உருபு பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். தும்மல் பிடித்த பிறகு, "நான்தாம்மா, கதவத் திற" என்று தமிழுக்கு இறங்கினேன். கதவு திறந்தது. துண்டு கிடைத்தது; பேச்சு கிடைக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு மார்க்கு போட்டுட்டு வந்து பேசுங்க" என்பதே இன்றளவும் நிலவரம்.

5. நூல்களைப் புரட்டினேன். முறையான எழுத்துக்கு 'ஐ', அன்றாடப் பேச்சுக்கு 'மீ' என்று என் அலமாரியே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. கதவுக்கு வெளியே நிற்பவர் வாயால்தானே பதில் சொல்வார் என்கிறார் மனைவி. வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே இரு விடைகளையும் ஏற்று, அந்த அக்காவைத் தேர்ச்சி பெற்றவராக அறிவிக்குமாறு வேண்டுகிறேன். நானே திருத்திக்கொள்ள விதியில் இடமுண்டு. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தும் பார்த்தேன். 'மீ'க்குப் பக்கத்தில் சரி போடக் கை வர மறுக்கிறது. தாளை இணைத்துள்ளேன். தயவுகூர்ந்து தங்கள் கையால் போட்டுவிடவும்.

இடம்: ஆசிரியர் அறை
நாள்: மார்ச் 9

பணிவுடனும் சளியுடனும்,
(ஒப்பம்)
இலக்கண ஆசிரியர்