ஃப்ரேமாவின் ஒப்பாரியில் இறந்தவர் யார்?

அனுப்புநர்:
யா அச்சியா ஆம்பொன்சா,
முனைவர் பட்ட ஆய்வாளர் (வாய்மொழி இலக்கியம்),
மேற்கு விடுதி, அசுவோசோ பல்கலைக்கழகம்,
கானா.

பெறுநர்:
முதன்மையர் அவர்கள்,
பட்டமேற்படிப்புப் புலம்,
அசுவோசோ பல்கலைக்கழகம்.
(உறையைத் தாங்களே பிரிக்கவும்)

பொருள்: என் ஆய்வேட்டின் மீதான எழுத்துத் திருட்டுக் குற்றச்சாட்டை நீக்கவும், என் நெறியாளர் பேராசிரியர் ஓப்போங் டார்க்வா அவர்களை விசாரிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த உறை தங்கள் கைக்கு வந்தபோது, ஒட்டிய இடத்தின் குறுக்கே என் கையெழுத்து கலையாமல் இருந்ததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கலைந்திருந்தால், மேற்கொண்டு படிக்கும் முன் தங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிவிடவும். அவரும் என் நெறியாளரும் ஒரே தேவாலயப் பாடற்குழுவில் பாடுகிறார்கள். அவர் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை.

1. சாவு வீடுகளில் அக்கான் இனப் பெண்கள் பாடும் ஒப்பாரிகளைப் பற்றியது என் ஆய்வு. சென்ற மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். நகல் கண்டறியும் மென்பொருள், அதன் மூன்றாம் அத்தியாயம் பேராசிரியர் டார்க்வா வெளியிட்ட கட்டுரையோடு ஒத்துப்போகிறது என்று சொல்லிவிட்டது. கட்டுரை எனக்கு முன்பே அச்சாகிவிட்டதால் திருடியவள் நான் என்று முடிவாகியிருக்கிறது. இந்தப் பருவம் முடிவதோடு என் பதிவுக்காலமும் முடிகிறது. அதற்குள் இந்தப் பழி நீங்காவிட்டால் என் பெயரை அடித்துவிடுவார்கள். பட்டம் கிடைக்காது, வேறு எந்தப் பல்கலைக்கழகமும் என்னைச் சேர்க்காது.

2. அந்த ஒப்பாரி எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். டெச்சிமான் லாரி நிலையத்தில் யாம் கிழங்கு பொரித்து விற்பவர் அஜோவா ஃப்ரேமா. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெரிய வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவருக்குத்தான் ஆள் போகும். சாவு வீட்டில் ஒலிபெருக்கி போடுகிற சத்தத்தில் எதையும் பதிவு செய்ய முடியாது என்பது தாங்கள் அறிந்ததே. அதனால் தனியாக ஒருமுறை பாடித் தரும்படி கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "யாரும் சாகாம ஒப்பாரி வச்சா, அப்புறம் சாகப் போறது யாரு? நீயா, நானா? கிழங்கு வேணும்னா வாங்கிட்டுப் போ தாயி."

நம் வழக்கம் அதுதான் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. அந்தக் கோடை முழுவதும் கிழங்கு தின்றேன்.

3. ஒரு நாள் காலை, நான் அங்கே நின்றிருக்கும்போதே, ஃப்ரேமா குட்டியிலிருந்து வளர்த்த செம்மறியாடு கயிற்றை அறுத்துக்கொண்டு சாலைக்கு ஓடி ட்ரோ-ட்ரோ வேனில் அடிபட்டுச் செத்தது. ஃப்ரேமா அதன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இப்பதான் செத்திருக்கே. மிஷின எடு," என்றார். ஒரு மனிதருக்குப் பாடுவதுபோலவே, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முழுதாகப் பாடினார். விளையாட்டுக்குப் பாடவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

4. பாடி முடித்ததும் என்னிடம் சத்தியம் வாங்கினார். "ஆட்டுக்கு அழுதேன்னு வெளிய சொல்லிடாத தாயி. நாளைக்கு நான் ஒரு பெரிய வீட்டுச் சாவுல போய் நின்னா, பின்னாலேருந்து எவனாவது 'மே... மே...'ன்னு கத்துவான்." ஆகவே மூன்றாம் அத்தியாயத்தில் பாட்டை மட்டும் எழுதி, இறந்தவர் பெயர் வரும் இடங்களில் கோடு போட்டுவிட்டேன். அவர் என்றைக்காவது சம்மதித்தால் சேர்க்கலாம் என்று உண்மையை ஐந்தாம் அத்தியாயமாகத் தனியே எழுதி, சமர்ப்பித்த ஆய்வேட்டில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.

5. அந்த ஐந்தாம் அத்தியாயத்தையும் ஒலிப்பதிவையும் என் நெறியாளருக்கு நான் கொடுக்கவே இல்லை. காரணம் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தை அனுப்பியபோது, "கோப்பு திறக்கலம்மா, அப்புறம் பாக்கலாம்," என்றார். அதே மூச்சில், "ஆமா, அந்தக் கழுத்துக் கயிறுன்னு ஒரு வரி வருதே, அது எந்த ஊர்ல சேகரிச்சது?" என்றும் கேட்டார். திறக்காத கோப்பில் கயிறு இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? அதன்பின் அவரிடம் எதையும் கொடுக்கவில்லை. என்னைச் சந்தேகப் பிராணி என்று துறையில் சொல்வார்கள். சொல்லட்டும்.

6. கட்டுரையில் நான் கோடு போட்ட இடமெல்லாம் பேராசிரியரின் குல முன்னோரான ஒரு படைத்தலைவரின் பெயர் இருக்கிறது. "எல்லார் வாசலிலும் உண்டவனே" என்ற வரிக்கு, எல்லாக் குடும்பங்களும் அவருக்குத் திறை செலுத்தின என்று அடிக்குறிப்பு. ஆடு கடை கடையாகப் போய்க் கிழங்குத் தோல் தின்றதைத்தான் ஃப்ரேமா அப்படிப் பாடினார். "வெள்ளைக் கால் கொண்டவனே" என்பது வெற்றி பெற்றவர்கள் பூசும் வெண்களிமண்ணாம். ஆட்டுக்குக் கால் வெள்ளை, அவ்வளவுதான். "கழுத்துக் கயிற்றை அறுத்து வந்தவனே" என்பதற்கு, தம் மக்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டார் என்று அரைப்பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறார்.

பேராசிரியரின் அண்ணன், அந்தப் படைத்தலைவரின் வாரிசு என்று சொல்லித் தம் ஊரின் தலைவர் அரியணையாக அமரும் முக்காலிக்கு உரிமை கோரி வழக்கு நடத்துகிறார். அந்த வழக்கில் இந்தக் கட்டுரையும் சான்றாகக் கொடுக்கப்பட்டிருப்பதாகக் கேள்வி. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. இரண்டையும் தங்கள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

7. நேரில் போய்க் கேட்டேன். "ஒப்பாரி ஊருக்கே பொது, அச்சியா. அதுக்கு ஏது சொந்தக்காரி? சத்தம் போடாம இரு. வேற தலைப்பு தர்றேன், ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாம்," என்றார். திருடியவள் நான் என்றால் எனக்கு எதற்கு வேறு தலைப்பு தர வேண்டும்? கட்டுரையின் முடிவில் பாடியவர் "பெயர் தெரியாத ஒரு கிராமத்து மூதாட்டி" என்று இருக்கிறது.

இதை ஃப்ரேமாவிடம் படித்துக் காட்டினேன். முதலில் மூதாட்டி என்ற சொல்லுக்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ராசாவ நான் பாத்ததே இல்ல. பாக்காதவனுக்கு நான் எப்படி அழுவேன்? சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ஆட்டுக்குத்தான் அழுதேன்னு நானே வந்து சொல்றேன்." அப்படிச் சொன்னபின் பெரிய வீட்டுச் சாவுகளுக்கு அவரை அழைப்பார்களா என்பது சந்தேகமே. அது அவருக்கும் தெரியும். எனக்காக அவர் இதைச் செய்கிறார் என்பது என் நெஞ்சை அறுக்கிறது.

8. ஆகவே பருவம் முடிவதற்குள் விசாரணைக் குழுவைக் கூட்டி, ஃப்ரேமாவையும் அழைக்குமாறு வேண்டுகிறேன். அங்கே பாடிக் காட்டும்படி அவரைக் கேட்க வேண்டாம். அந்த அறையில் யாரும் சாகவில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் போதும். அதை முன்கூட்டியே துறையில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைக்க மாட்டேன். பிரதிகள் மூன்று பேரிடம் இருக்கின்றன. அவர்கள் யார் என்று எழுதாததற்குப் பொறுத்தருளவும்.

9. ஒலிப்பதிவைப் போடும் முன், அந்த ஒப்பாரியில் இறந்தவரின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரும்படி பேராசிரியரைக் கேட்க வேண்டும். இந்த மனு தங்கள் மேசையில் ஒரு பொழுது இருந்தாலே, செத்தது ஆடு என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். ஃப்ரேமா அந்த ஆட்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார் என்பதை நான் இதில் எங்கும் எழுதவில்லை. தங்கள் மீது அவநம்பிக்கை என்று எண்ண வேண்டாம். தங்கள் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான் இருக்கிறது.

அவர் எழுதிய பெயரும் ஒலிப்பதிவில் ஃப்ரேமா கூப்பிடும் பெயரும் ஒன்றாக இருந்தால், நான்தான் திருடி என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றே விடுதியைக் காலி செய்கிறேன். இல்லையென்றால் என் ஆய்வேட்டை எனக்கும், அந்தப் பாட்டை அதைப் பாடியவருக்கும் திருப்பித் தர ஆணையிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: அசுவோசோ
நாள்: 11 மார்ச் 2024

நியாயம் கிடைக்கும் என்று இன்னும் நம்பும்,
(ஒப்பம்) யா அச்சியா ஆம்பொன்சா

சாட்சி:
(ஒப்பம்) அஜோவா ஃப்ரேமா
வயது நாற்பத்திரண்டு. மூதாட்டி அல்ல.