சொல்லாமல் விட்ட ஆமென்

21 நவம்பர் 1978, செவ்வாய்

கிறிஸ்தவப் பள்ளி நூலக வேலைக்கான நேர்காணலை இன்று நானே கெடுத்துக்கொண்டேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் சனிக்கிழமை அப்பா வந்து என்னை ஊருக்கு, பெரும்பாறைக்கு அழைத்துப் போய்விடுவார். மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

ஆறு மாதமாக ஒரு பௌத்தப் புத்தகத்தைப் பார்த்து, தினமும் காலையில் மூச்சைக் கவனித்து உட்கார்கிறேன். ஆசையை விடச் சொல்லும் பயிற்சி அது. நான் வேலைக்கு ஆசைப்பட்டே அதைச் செய்தேன்.

முதல் கேள்விக்கு முன்பே, படபடப்பை அடக்க, கண்ணை மூடி மூச்சை எண்ணினேன். திறந்தபோது தலைமையாசிரியையும் பாதிரியாரும் தலைகுனிந்திருந்தார்கள். என் ஆமெனுக்காகக் காத்திருக்கிறார்கள்!

"சத்தமாவே ஜெபிம்மா, நாங்களும் சேந்துக்கிறோம்" என்றார் தலைமையாசிரியை, அவ்வளவு பிரியமாக.

பிறந்ததிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறவள் நான். ஜெபத்தில் ஒரு வரிகூட வரவில்லை.

"ஜெபிக்கலைங்க டீச்சர். மூச்சைக் கவனிச்சேன்."

"ஏம்மா, மூச்சு முட்டுதா? இந்தக் குளிரு ஒத்துக்கலையோ?"

பாதிரியாருக்குப் புரிந்துவிட்டது. "இது எங்க படிச்சது?" என்றார்.

"புத்தகத்துலங்க ஃபாதர்."

"நீங்க வந்திருக்கிறதும் பிள்ளைங்களுக்குப் புத்தகம் எடுத்துக் குடுக்கிற சோலிக்குத்தான், இல்லையா?" என்று கோப்பை மூடினார்.

ஒரு பொய் ஆமென் போதும், நான் இங்கேயே இருந்திருப்பேன். சொல்லாதது நேர்மையா திமிரா, தெரியவில்லை. இப்போது எல்லா ஜெபமும் வரி தவறாமல் வருகிறது. முழங்காலிட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அந்த வேலையைக் கேட்டு.