பதினேழாம் நம்பருக்கு ஓய்வு

அம்மாவுக்கு வணக்கம். அப்பாவின் முட்டிவலி குறைந்ததா? நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், நம்பு.

நான் துப்புரவு வேலை பார்க்கும் ஸ்டேடியத்தில், பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் பத்தாம் நம்பர் சட்டையைக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த நம்பரை இனி எவரும் போடக் கூடாதாம், ஓய்வு கொடுத்துவிட்டார்களாம்.

எங்கள் சட்டையிலும் நம்பர் உண்டு. போன வாரம் எங்களோடு வேலை செய்த பெரியவர் ஈரப் படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். இத்தனை வருடம் உழைத்த மனிதரை உடனே ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். என் சட்டை கிழிந்திருந்ததால், சூப்பர்வைசர் அவருடைய பதினேழாம் நம்பரை என்மேல் வீசினார்.

"போடுடா."

"பெரியவர் நம்பர் சார். ஓய்வு கொடுத்தாச்சு" என்று அதைத் துடைப்ப அறைக் குழாயில் மாட்டினேன்.

"ஏன், அந்த ஆளு கோல் அடிச்சானா?"

"கோலுக்குக் கத்தினவங்க துப்பினதையெல்லாம் துடைச்சார் சார்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு மூக்குக்கு மேல் கோபம். பயப்படாதே, வேலை போகவில்லை. அன்று பெரிய ஆட்டம், ஆள் பற்றாக்குறை. மிச்சம் கிடந்தது 'விருந்தினர்' என்று எழுதிய சட்டைதான். அதைப் போட்டுக்கொண்டு கக்கூஸ் கழுவப் போனால், புதுக் காவலாளி பதறிப்போய், "சார், நீங்க போய் இதெல்லாம்..." என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டார். இங்கே என்னை சார் என்றவர் அவர் ஒருவர்தான். பதினேழு இன்னும் குழாயில்தான் தொங்குகிறது.

இரண்டு பனியன் அனுப்பு. என் கட்டிலைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும், சைக்கிளையும்தான். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். என் தட்டில் மட்டும் யாருக்கும் சோறு போடாதே.

உன் மூத்தவன்