கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து காற்று மட்டும். தூறலும் இல்லை, வெயிலும் இல்லை. துணி காயவில்லை.

அண்ணன் மறுபடியும் கிளம்பிவிட்டார். நான் குக்கரை இறக்கிக்கொண்டிருந்த நேரம். எதிர் பேக்கரிக்காரர் ஓடிவந்து, "ஏனுங்க ரீட்டாக்கா, உங்க அண்ணன் தண்டவாளத்து மேலயே நடந்து போறாருங்க" என்றார். நைட்டியோடு ஓடினேன். பெரியநாயக்கன்பாளையம் முழுக்க என்னைப் பார்த்திருக்கும். பார்க்கட்டும்.

கையில் துணிப்பை. உள்ளே ஒரு சட்டை, சீப்பு.

"எங்கண்ணா போறீங்க?"

"ஊட்டுக்கு."

"நம்ம ஊடு இந்தப் பக்கமுங்கண்ணா."

"அதில்ல கண்ணு."

எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். போன வருசம் பேர்கள் மறந்தன. பிறகு பாத்ரூம் எங்கே என்பது. இப்போது மிச்சம் இருப்பது இந்த ஒரு வார்த்தைதான். ஊட்டுக்கு.

பிரவீனுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். "அம்மா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் கேக்க மாட்டேன். மாமாவ அந்த முதியோர் இல்லத்துல சேத்துடலாம். நல்லாத்தான் பாத்துக்கறாங்க." கெட்ட பிள்ளை இல்லை. பீளமேட்டில் ஆபீசில் இருந்துகொண்டு, போன் அடிக்கும்போதெல்லாம் பயந்து சாகிறான்.

டாக்டர் பழைய போட்டோக்களைக் காட்டச் சொன்னார். எங்களிடம் ஏது போட்டோ? நாங்கள் வளர்ந்த கல்லங்காட்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் மொத்தத்தையும் பாதை அகலப்படுத்தும்போது இடித்துவிட்டார்கள். ஸ்டேஷனும் இல்லை. அந்த ஊர் இப்போது இரண்டு மண்டைக்குள்தான் இருக்கிறது. ஒன்று அவருடையது. இன்னொன்று என்னுடையது.

பரணில் பேரனின் பொம்மை ரயில். பேட்டரி போட்டால் ஓடுகிறது.

ஜூன் 3, செவ்வாய்

பழைய கட்டில் பலகையை ஹாலில் இரண்டு ஸ்டூல் மேல் போட்டாயிற்று. இதன் மேல் கல்லங்காட்டைக் கட்டப் போகிறேன்.

வேண்டியவை: தெர்மாகோல், பெவிகால், தீப்பெட்டிகள், மரத்தூள் (பச்சைச் சாயம்), சலித்த செம்மண், ஐஸ் குச்சி. தந்திக் கம்பிக்குத் தாமிரக் கம்பி, இது என்னிடமே இருக்கிறது. பம்ப்செட் கம்பெனியில் இத்தனை வருசம் மோட்டார் காயில் சுற்றிய கை. அண்ணனைப் பார்த்துக்கொள்ளப் பொங்கலோடு வேலையை விட்டேன். சுற்ற ஏதாவது கிடைத்ததே என்று விரல்களுக்குச் சந்தோசம்.

பிளாட்பாரம் வந்துவிட்டது. தண்ணீர் டேங்க் எங்கே இருந்தது? வேப்பமரம் ஸ்டேஷனுக்கு முன்னாலா பின்னாலா? கண்ணை மூடினால் தெரிகிறது, திறந்தால் போய்விடுகிறது.

அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூட்டியிருந்தேன். "தெறந்து உடு கண்ணு. சாமி சத்தியமா வந்தர்றேன்." எனக்கு விவரம் தெரிந்து அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்று நல்ல நாள். எழுதி வைக்கிறேன்.

குவார்ட்டர்ஸ் வரிசை முடிந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் நீலக் கதவு, முன்னால் அம்மாவின் துளசி மாதிரி ஒரு பச்சைப் பொட்டு. (கிறிஸ்தவ வீட்டில் துளசி எதுக்கு என்று பங்குச் சாமியார் கேட்பார். இருமலுக்குங்க சாமி என்பாள் அம்மா.) அப்பாவின் சைக்கிளைக் கம்பியில் வளைத்தேன். காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, ரயில்வேயில் தண்டவாள வேலைக்குக் கேங்மேன் ஆனதும் வாங்கிய முதல் பொருள் அது.

ரயிலை ஓட விட்டதும் அண்ணன் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "டேங்க் இங்கில்ல. அங்க" என்றார். டேங்க்கைத் தூக்கி அவரே நகர்த்தினார். ஆமாம்! அங்கேதான்! எனக்கு மறந்தது அவருக்கு மறக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கினார். கதவுப் பக்கமே போகவில்லை. நானும் தூங்கிவிட்டேன், பல மாதங்களுக்குப் பிறகு பகலில்.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போக முடியவில்லை. பிரவீனும் மருமகளும் வந்தார்கள். பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தான். "சூப்பரா இருக்குதும்மா." பிறகு மெதுவாக, "இது மாமாவுக்கா, உங்களுக்கா?"  பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அவன் கிளம்பும்போது அண்ணனும் பையோடு கிளம்பினார். "தம்பி, என்னையும் ஊட்டுல எறக்கி உட்டுரு." பிரவீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நீலக் கதவு வைத்து, துளசி வைத்து, சைக்கிள் வைத்து, வீட்டைக் கண் முன்னால் கொண்டுவந்தாயிற்று. இன்னும் எந்த வீடு?

ஜூன் 10, செவ்வாய்

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் ஒரு காலித் தீப்பெட்டியைப் பலகையில் வைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். நான் வெறும் செம்மண் தூவி விட்டிருந்த இடம்.

"இது என்னங்கண்ணா?"

"ஊடு."

"யாரு ஊடுங்க?"

"சரசு ஊடு."

துருவலை அப்படியே வைத்துவிட்டேன்.

சரசு. கேட்மேன் மகள். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. இரட்டைச் சடை. கேட் மூடியிருக்கும்போது எங்களுக்கெல்லாம் கொய்யா கொடுப்பாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் அம்மா சொன்ன பதில்: தங்கச்சியக் கரையேத்தணும்னு நின்னுட்டான். நானும் அதையே நம்பி, அதையே பாரமாகச் சுமந்து, அதற்காகவே அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை நாளில் அந்த நீலக் கதவு வீட்டை அவர் விரல் ஒரு தடவைகூடத் தொடவில்லை.

ஜூன் 11, புதன்

தூறல். கரண்ட் போய்ப் போய் வந்தது.

சரசு வீட்டை ஒழுங்காகச் செய்தேன். அட்டை ஓடு, திண்டு, ஒரு கொய்யா மரம், பச்சை விளக்கு. செய்யச் செய்யப் பேசினார். இந்த ஆறு மாதத்தில் இவ்வளவு பேசியதில்லை.

"மழ வந்தா அங்க நிக்கலாம் கண்ணு. அவங்கப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"நம்ம அப்பா?"

"வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. அவங்க வேற, நாம வேறயாம்."

"நீங்க என்னங்கண்ணா சொன்னீங்க?"

"வாரேன்னு சொன்னேன்."

"யாருகிட்ட?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சரசுகிட்டத்தான்."

மூன்று தோசை சாப்பிட்டார். பாட்டுக்கூட முனகினார். இனிமேல் போக மாட்டார் என்று தோன்றுகிறது. கர்த்தரே, இது போதும்.

ஜூன் 12, வியாழன்

அண்ணன் மறுபடியும் போய்விட்டார்.

கொடியில் துணி எடுத்த நேரம். அவ்வளவுதான். இந்த முறை தண்டவாளத்தில் நடக்கவில்லை. நேராக இந்த ஊர் ரயில்வே கேட்டுக்குப் போயிருக்கிறார். கேட் மூடியிருக்கிறது. குனிந்து உள்ளே போயிருக்கிறார். வண்டி வந்துகொண்டிருக்கிறது. கீரை விற்கும் அம்மாள் ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு ஓடி, சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்து கிடந்தார்கள். வண்டி அவர்களைத் தாண்டிப் போனதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். பெட்டிகள் போய் முடியும்வரை அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது.

முட்டியில் ரத்தம். அந்த அம்மாளுக்கு முழங்கையில். கையெடுத்துக் கும்பிட்டேன். "பாத்து வெச்சுக்குங்க அம்மணி" என்றுவிட்டுக் கீரையைப் பொறுக்கப் போய்விட்டாள்.

முட்டியைத் துடைக்கும்போது அண்ணன் சொன்னார், தெளிவாக: "கேட்டுக்கு அந்தப் பக்கம் ஊடு. நீதான கண்ணு காட்டுன."

நான்தான். வழி மறந்து அலைந்துகொண்டிருந்தவருக்கு என் கையாலேயே வழி போட்டுக் கொடுத்தேன். ஒட்டி, வர்ணம் அடித்து, விளக்கு வைத்து.

பலகையை உடைக்க அம்மிக் குழவியைத் தூக்கினேன். டேங்க் மட்டும் நொறுங்கியது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

செத்துப்போனால் தேவலை என்று நினைத்தேன். யார் என்று எழுத மாட்டேன்.

பிரவீனுக்குப் பேக்கரிக்காரரே சொல்லிவிட்டார். ஞாயிறு காலை கார் கொண்டு வருகிறான். இல்லத்தில் இடம் பேசியாயிற்று.  

ஜூன் 13, வெள்ளி

பைத்தியக்காரத்தனம்தான். செய்துவிட்டேன்.

போத்தனூரில் இருக்கும், கல்லங்காட்டுப் பழைய ஸ்டேஷன் மாஸ்டரின் மகளுக்குப் போன். "சரசக்காவா? கணபதில மாவு மில் வெச்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க." அண்ணனைப் பேக்கரிக்காரர் மனைவி செல்வியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கதவைப் பூட்டச் சொன்னேன்.

லேத் பட்டறைகளுக்கு நடுவில் சின்ன மில். சரசுவுக்கு நரைத்த தலை, புருவமெல்லாம் மாவு. பக்கத்தில் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர், பேப்பர் படித்துக்கொண்டு.

"கல்லங்காட்டு கேங்மேன் மக ரீட்டாங்க." மிஷினை நிறுத்தினார். சிரித்தார். "அட, ரீட்டா கண்ணா! பல்லு போன ரீட்டா!" பிறகு அண்ணன் பேரைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கார் வருவதையும். ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சுங்க அம்மணி."

"அவருக்கும் எல்லாம் மறந்துபோச்சுங்க. இது ஒண்ணுதான் மறக்கல."

மாவுக் கையைச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் வந்து என்னங்க செய்யட்டும்? பேரம்பேத்தி எடுத்தாச்சு. அவரு உக்காந்திருக்காரு பாருங்க. போயிட்டு வாங்க." வாசலில் ஒரு பெண் ராகியோடு நின்றாள். மிஷின் மறுபடியும் ஓடியது.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் டிஷ்யூ கொடுத்தாள். எங்கே போகணும் ஆன்ட்டி என்றாள். வீட்டுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 14, சனி

வெயில். கடைசியில்.

பெட்டி: சட்டை, வேட்டி, ஸ்வெட்டர், ஜெபமாலை, மாத்திரை டப்பா, புதுச் செருப்பு. பலகைக்கு அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

பதினொரு மணி வாக்கில் யாரோ கூப்பிட்டார்கள். வாசலில் சரசு. தனியாக. கையில் ஒரு பை கம்பு மாவு. "மில்லப் பூட்டிப்போட்டு வந்தேனுங்க. அவருகிட்டச் சொல்லித்தான் வந்தேன். போயிட்டு வான்னுட்டாரு."

அண்ணன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.  பார்வை சரசு மேல் பட்டது, நகர்ந்தது, திரும்ப ரயிலுக்கே போய்விட்டது.

"வாங்கம்மணி. உக்காருங்க."

தெரியவில்லை. அண்ணனுக்குச் சரசுவைத் தெரியவில்லை.

சரசு உட்கார்ந்தார். ஸ்டேஷனைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்ததும் கண் நின்றுவிட்டது. கொய்யா மரத்தை ஒரு விரலால் தொட்டார்.

"எந்தூருங்க நீங்க?" என்றார் அண்ணன்.

"இங்கதானுங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம்."

அண்ணன் முகம் மாறியது. ரயிலை நிறுத்தினார். "அப்ப சரசு ஊட்டு வழியாத்தான போவீங்க?"

"ஆமாங்க."

"அவகிட்டச் சொல்லீருங்க. நான் வாரேன்னு. தெனமும் கெளம்பறனுங்க. இவங்க உட மாட்டேங்கறாங்க." என்னைக் கைகாட்டினார்.

சரசு கொய்யா மரத்திலிருந்து விரலை எடுத்தார். 

"நான் வரும்போதே சரசு சொல்லித்தானுங்க உட்டா" என்றார். குரல் சீராகத்தான் இருந்தது. "நீங்க வர வேண்டாமாம். தண்டவாளத்தத் தாண்டவே வேண்டாமாம். அவளே வாராளாம். ஊட்லயே இருக்கச் சொன்னா."

"எப்பங்க வாரா?"

"வேல முடிஞ்சதும்."

அண்ணன் சிரித்தார். "அவளுக்கு எப்பவும் வேலதான்."

"ஆமாங்க" என்றார் சரசு. "அவளுக்கு எப்பவும் வேலதான்."

காபி குடிக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை நான் வருகிறேன் என்றேன். "அவரத் தனியா உட்டுப்போட்டு வராதீங்க கண்ணு" என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பிரவீனுக்குப் போன் செய்தேன். நாளைக்குக் கார் வேண்டாம் என்றேன். "அம்மா, திங்கக்கெழம மறுபடியும்..." என்று ஆரம்பித்தான். திங்கட்கிழமையைப் பற்றி எனக்கு மட்டும் என்ன தெரியும்? வேண்டாம் என்றேன்.

அண்ணன் முகம் கழுவினார். பெட்டியைத் திறந்து மடித்து வைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தலை சீவினார். நாற்காலியை வாசல் கதவுக்கு நேராக, உள்பக்கம் இழுத்துப் போட்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கதவை நான் பூட்டவில்லை. திறந்தே கிடக்கிறது. எழுந்திருக்கவில்லை.

சாப்பிடக் கூப்பிட்டேன். சரசு வந்துரட்டும் என்கிறார். சாதம் ஆறுகிறது.