சந்தனம் வைத்த ஹெட்போன்

அக்டோபர் 11, 1975. சனி.

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருந்து ஏமாற்றிவிட்டது. பீரோ துடைத்தேன். ஹெட்போனை இவர் தானே எடுத்துக் காற்றாட வைத்தார். காது மெத்தைகளுக்குப் பவுடர், பச்சை பிடித்த பித்தளை முனைக்கு விபூதித் தேய்ப்பு, சுற்றி வைக்கப் பழைய பட்டு வேஷ்டித் துண்டு. எனக்கு இத்தனை உபசாரம் நடந்ததில்லை.

என் அண்ணா ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்தது. இவர் மாட்டிக்கொண்டது நாலைந்து தடவை இருக்கும். கடைசித் தடவை நான் கோவிலில். வசு குளியலறையில் தாழ்ப்பாள் சிக்கி மாட்டிக்கொண்டாள். அப்பா, அப்பா என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். அடுத்த அறையில் இவர் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வந்த பிறகுதான் கதவை உடைத்தோம். புதுத் தாழ்ப்பாள் வைத்தும் குழந்தை போடுவதில்லை. வாளியை முட்டுக் கொடுத்துக் குளிக்கிறாள். எது வேண்டுமானாலும் "அம்மா"தான். அப்பாவைக் கூப்பிடுவதே இல்லை.

இவரும் பிறகு அதைத் தொட்டுப் பாட்டுக் கேட்டதில்லை. விற்கவும் மனசில்லை. இன்று தானாகவே, "வித்துடலாம்டி. தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடைக்காரர் கேக்கறார். புதன்கிழமை வரார்" என்றார். அப்பாடா.

13, திங்கள். சரஸ்வதி பூஜை.

சுண்டல், பாயசம், வடை. வடை கல். வசுவின் புத்தகங்கள், தையல் மெஷின், ரேடியோ, ஹெட்போன், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். போகிற பொருள் நல்லபடியாகப் போகட்டும் என்று ஹெட்போனுக்கு மட்டும் தாராளமாக.

14, செவ்வாய்.

புனர்பூஜை முடிந்து எடுத்தோம். இவர் மாட்டிப் பார்த்தார். முகம் போன போக்கு. "இடது பக்கம் கிணத்துக்குள்ளேர்ந்து பாடற மாதிரி இருக்கு." சல்லடை ஓட்டைகளில் என் சந்தனம் இறங்கிக் காய்ந்திருக்கிறது. "ஏண்டி, நெத்தின்னு நினைச்சியா?"

எப்போது தொலையும் என்று காத்திருந்தவளே கெடுத்தேன். சமையலறைக்குப் போய் அழுதேன்.

சாயங்காலம் லஸ் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், காதுக்கு சந்தனக் காப்பு சாத்திக்கினு வந்துகீறீங்க?" மெத்தையைக் கழற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தார். நல்லவேளை, உள்ளே போகவில்லை. சத்தம் வந்துவிட்டது. வருகிற வழியில் இவர் மல்லிப்பூ வாங்கிக் கொடுத்தார். 

15, புதன்.

தூறல். ஜவுளிக்கடைக்காரர் குடையோடு வந்தார். திருநெல்வேலிப் பக்கம். காபி. மாட்டிப் பார்த்தார், இரண்டு காதிலும் சரி. "வீட்ல அம்மை இருக்கா. அதான் இது வேணும்னு பாத்தேன்" என்றார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "இதை மாட்டிண்டா அம்மா கூப்பிட்டாக் காதுல விழாது. எங்காத்துக் குழந்தை..." என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வியாபாரம் போச்சு என்று நினைத்தேன். இவர் என்னை முறைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம் சார். நான் கேக்கலை" என்றார். வசு கதவோரம் நின்றிருந்தாள்.

வந்தவர் சிரித்தார். "எனக்கில்லம்மா, எங்க அம்மைக்குத்தான் வாங்குதேன். அவளுக்குக் காது மந்தம். ரேடியோவ அலற விடுதா, தெருவே சண்டைக்கு வருது. கூட்டாளி வீட்ல இதே மாதிரி ஒண்ண மாட்டிவிட்டேன். பாட்டு வார்த்தையெல்லாம் நல்லாப் புரியுதுலேன்னு சந்தோசத்துல அழுதுட்டா."

பட்டுத் துண்டோடு கொடுத்தார் இவர். மெத்தைக்குப் பவுடர் போடணும், கடல்காத்து ஆகாது, சந்தனம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று வாசல்வரை பாடம். பீரோவில் ஒரு தட்டு காலி. புடவை அடுக்கலாம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குளியலறைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். 

16, வியாழன்.

நல்ல மழை. துணி காயாது. பள்ளிக்கு லீவு விட்டுவிட்டார்கள். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் தாழ்ப்பாள் விழுகிற சத்தம். கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு, "அப்பா, துண்டு."

பேப்பரை எறிந்துவிட்டு ஓடினார். அவசரத்தில் கொடியிலிருந்து உருவிக்கொண்டு போனது என் ஈரப் புடவை.