நாம் பங்காளிகள் அல்ல

ரொக்காஸ்பீனா,
நவம்பர் 12, 2009

அன்புள்ள நிக்காந்த்ரோவுக்கு,

கீழ்த்தெரு பார்தோவின் மகள் எர்சிலியா எழுதுவது. இது உன் கைக்கு வரும்போது நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இத்தனை காலத்துக்குப் பிறகு நீ என்று எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ அலுவலகத்துக்கு மனு எழுதுவதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். உன் முகவரியை உன் அண்ணன் மகன் எலியோ கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

இங்கே ஒலிவப்பழப் பறிப்பு பாதியில் நிற்கிறது. மழை விடவில்லை. ஆள் கிடைப்பதும் கஷ்டம், இளசுகள் எல்லாம் பொலோஞ்ஞாவுக்கும் மிலானோவுக்கும் போய்விட்டார்கள். உங்கள் வீட்டுக் கூரையின் வடக்குப் பக்கம் இறங்கிவிட்டது. எலியோ தகரம் போட்டு மூடியிருக்கிறான், நீ கவலைப்பட வேண்டாம். உன் அம்மாவின் கல்லறைக்கு எல்லா ஆத்துமாக்கள் திருநாளன்று நான்தான் செவ்வந்தி வைத்தேன். வருஷா வருஷம் வைப்பதுதான். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மிரெல்லா என்று ஒரு பெண் வந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. பழைய குடும்பப் பெயர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். ஒரே பெயர் வைத்திருக்கிறவர்கள் ஒரே தகப்பன் வழி வந்தவர்கள்தானா என்று பார்ப்பதற்கு நம் ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்குகிற ஓர் அடையாளம் ஆண்கள் உடம்பில் இருக்கிறதாம். நூற்றாண்டுகள் போனாலும் அது அதிகம் மாறாதாம். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டு போனாள். பெண்களிடம் அந்த அடையாளம் இல்லை என்பதால் என்னைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்காக என் அண்ணன் பாஸ்ஸோ வாயைத் திறந்தான். உங்கள் வீட்டுக்காக எலியோ.

நம் குடும்பப் பெயர் ஸ்கியாவோனே என்றால் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்தவன் என்று அர்த்தம். அது நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஒரு படகு, ஒரு குடும்பம், இரண்டு மகன்கள், ஒருவன் மேல்தெருவில் வீடு கட்டினான், இன்னொருவன் கீழ்த்தெருவில் கட்டினான் என்றுதான் எல்லோரும் சொல்லி வந்தார்கள். உன் தாத்தாவும் அதைத்தான் சொன்னார், என் தாத்தாவும் அதைத்தான் சொன்னார்.

செப்டம்பரில் மிரெல்லா முடிவோடு திரும்பி வந்தாள். ஊர் மன்றக் கூடத்தில் கூட்டம். மேயர் மது வரவழைத்திருந்தார், ஏதோ திருவிழா மாதிரி. கீழ்த்தெரு ஸ்கியாவோனேக்கள் உண்மையிலேயே அக்கரையில் இருக்கும் தல்மாத்தியாவிலிருந்து வந்தவர்கள்போல் தெரிகிறது என்று சொன்னாள். எங்கள் பக்கம் கைதட்டினார்கள். பிறகு உங்கள் மேல்தெருக்காரர்களைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் அடையாளம் இந்த மலையில் காலம் காலமாக ஆடு மேய்த்தவர்களுடையது, கடலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, இரண்டு வழியும் கடந்த பல ஆயிரம் வருஷத்தில் எங்கேயும் சேரவில்லை என்றாள். அப்படியானால் பெயர் எப்படி வந்தது என்று மேயர் கேட்டார். அக்கரைக்காரர்களிடம் கூலிக்கு இருந்திருக்கலாம், அவர்கள் குடியிருப்பில் வாழ்ந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது என்றாள்.

அதற்குப் பிறகு கூடத்தில் ஒரே சிரிப்பு. மதுக்கடை வைத்திருக்கும் கீழ்த்தெரு லூக்கியோ எழுந்து நின்று, “டேய் எலியோ, இத்தனை வருஷமா எங்க பேரை ஓசியில வச்சிருந்திருக்கீங்க! மரியாதையா திருப்பிக் குடு!” என்றான். எலியோ விடவில்லை. “போடா, நீங்கதான் வந்தேறிங்க. நாங்க இந்த மண்ணோட ஆளுங்க. வாடகைய எடுத்து வை!” என்றான். மேயருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எல்லோரும் சிரிக்கும்போது முகம் தானாக அப்படி ஆகிவிடுகிறது. கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் நம் விஷயம் நடந்தபோது பிறக்கவே இல்லை. மீதிப்பேர் மறந்துவிட்டார்கள். பாஸ்ஸோ மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

உனக்கு நினைவிருக்கும். எங்கள் அப்பாவிடம் நீ பெண் கேட்டு வந்த அன்று அவர் உன்னை உட்காரச் சொல்லவில்லை. “பங்காளி வீட்டுல பொண்ணு கேட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல? மொதல்ல உன் பேரை மாத்திக்கிட்டு வாடா” என்றார். “பேர்தானே மாமா, சொல்லுங்க, இன்னிக்கே மாத்திக்கிறேன்” என்று நீ சொன்னாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நம் பாதிரியார் தோன் செலெஸ்தீனோகூட வந்து பேசினார். கோயில் பதிவில் இரண்டு வீட்டுக்கும் உறவு என்று எதுவும் இல்லை, திருச்சபை தரப்பில் தடையும் இல்லை என்றார். “பேரு ஒண்ணா இருக்கே சாமி, அதுக்கு மேல என்ன பதிவு வேணும்?” என்று கேட்டு அப்பா அவரையும் அனுப்பிவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். அவருடைய அக்கா ரொசாரியா உங்கள் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டாள், அதுவும் ஸ்கியாவோனே வீடு. அவளுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் மெழுகுபோல் வெளுத்து, நடக்கப் பழகுவதற்குள் போய்விட்டன. சின்னப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு போனவர் அப்பாதான், இரண்டு தடவையும். ஒரே ரத்தம் சேர்ந்தால் பிள்ளை தங்காது என்று அப்போது அவர் மனதில் விழுந்தது, பிறகு போகவே இல்லை.

நீ கப்பலேறிய பிறகு எனக்கு ரொட்டிக்கடை வீத்தோவைப் பார்த்தார்கள். வேறு பெயர், வேறு ஊர். நல்ல மனிதர், ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. எங்களுக்கு மத்தேயோ பிறந்தான். நீ கேள்விப்பட்டிருப்பாய். அவனும் வெளுத்தான். கம்போபாஸ்ஸோ ஆஸ்பத்திரிக்கு ரத்தம் ஏற்றக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதுமாகக் கொஞ்ச வருஷம் வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படம் வரைவான். இது அம்மா அப்பா இருவரும் தங்களுக்கே தெரியாமல் வைத்திருக்கிற குறை, இந்தக் கடலோரத்தில் நிறையப் பேருக்கு உண்டு, பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். ரொசாரியா அத்தையின் பிள்ளைகளுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார்.

மத்தேயோவை அடக்கம் செய்துவிட்டு வந்து அதை அப்பாவிடம் சொன்னேன். “என் வீட்டுக்காரருக்கு வேற பேருதானேப்பா?” என்று கேட்டேன். அவர், “அந்த வீட்டுக்குப் போயிருந்தா இதைவிட மோசமா ஆயிருக்கும்மா” என்றார். சாகிற வாரமும் அதையே சொன்னார், “உன்னை நான் காப்பாத்தினேன்” என்று.

நிக்காந்த்ரோ, நான் அதை நம்பினேன். முழுசாக இல்லாவிட்டாலும் பாதியாவது நம்பினேன். நாம் ஒரே ரத்தம், சேர்ந்திருக்கக் கூடாது, நடந்தது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் ரொட்டி சுட்டேன், கடையைப் பார்த்துக்கொண்டேன், வீத்தோவையும் அடக்கம் செய்தேன். பிடித்துக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. கண்ணாடி போட்ட அந்தப் பெண் சிரித்த முகத்தோடு அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள்மேல் என்ன தப்பு? அவளுக்கு நான் யாரென்றே தெரியாது. போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்க ஊர்க்காரங்களுக்கு ரொம்ப நன்றிம்மா” என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பாஸ்ஸோ தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டான். பயறும் பாஸ்தாவும் வைத்தேன், தொடவில்லை. நீ பெண் கேட்ட அன்று அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவன். “இப்ப இதை அப்பாகிட்ட யாரு போய்ச் சொல்றது?” என்றான். கிழவன் அழுதான். அவனை நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் வந்து, “நிக்காந்த்ரோவுக்கு எழுது. அவன் வேற யார் மூலமாவும் கேள்விப்படக் கூடாது” என்றான். அதற்குப் பிறகும் எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

உன் மூன்று பிள்ளைகளும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று எலியோ சொன்னான். பேரப்பிள்ளைகளின் படமும் காட்டினான். கடைசிப் பேத்தி சின்ன வயதில் நீ முறைத்ததுபோலவே முறைக்கிறாள். என்னிடம் இருக்கும் குறை உன்னிடமும் இருந்திருந்தால் நமக்கும் மத்தேயோவுக்கு நடந்ததே நடந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை எந்தப் பஞ்சுக் குச்சியும் சொல்லாது. இரவில் அதை நினைப்பதை விட்டுவிடப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் மனைவியிடம் மறைக்காதே. அவளுக்கும் படித்துக் காட்டு. அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளும் ஆசை எனக்கு இல்லை. உன்னை வா என்றும் நான் கூப்பிடவில்லை. அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர இந்த வயதில் முழங்கால் தாங்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஊரைவிட்டுப் போன அன்று பேருந்து நிறுத்தத்தில், எல்லோர் முன்னாலும், அப்பா பெயரைச் சொல்லிச் சபித்துவிட்டுப் போனாய். அதில் தப்பில்லை. ஆனால் அவர் தெரிந்து செய்யவில்லை. அடுத்த முறை பூசைக்குப் போகும்போது பார்தோ என்று அவர் பெயரைச் சொல்லி, மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. என்னால் இன்னும் முடியவில்லை. நீ முதலில் சொல்லிவிட்டால் ஒருவேளை நானும் சொல்லிவிடுவேன்.

கடவுள் உன்னையும் உன் வீட்டாரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
எர்சிலியா